மகளுக்கு அடித்த அலமாரி

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பீரோவும் கட்டிலும் கூடவே போகும். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே போகும். என் மகள் கல்யாணத்தில் மட்டும் பீரோ வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் சேரன்மகாதேவியில் புதுவீடு கட்டி, பூச்சுவேலை முடிந்திருந்த நேரம். மாப்பிள்ளையின் அம்மா பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"பீரோல்லாம் இப்பம் யாரு வைக்கா மதினி? இடத்தத்தான் அடைக்கும். மாடி ரூம்ல செவுத்தோட சேத்து அலமாரி அடிச்சிருங்க. உங்க மவளுக்குத்தான, அவ இஷ்டத்துக்கு அடிச்சிக்கிடட்டும்."

என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். பீரோ என்றால் எங்கே வேண்டுமானாலும் தள்ளி வைத்துவிடலாம். சுவரோடு சேர்த்து அடித்ததை யார் அசைக்க முடியும்? பிள்ளையும் அப்படியே அந்த வீட்டில் ஊன்றிவிடுவாள் என்று நினைத்தேன்.

மகளையும் கூட்டிக்கொண்டு ஜங்ஷனில் ஒரு பிளைவுட் கடைக்குப் போனோம். சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். வீடு எங்கே என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். வாய்க்காலை ஒட்டி என்றதும் கையில் எடுத்த பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கன சாதாப் பிளை போட்டா ஐப்பசி மழைக்கு ஊதிரும். தண்ணி தாங்குத பிளையாப் போடுங்க. கரையானுக்கு மருந்தும் அடிச்சிருவோம்."

என் வீட்டுக்காரர் பலாப்பழம் வாங்கப் போனவரைப் போல ஒவ்வொரு பலகையாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டினால் என்ன தெரியும் என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியாது" என்றார். அவருக்கும் தெரியாது. ஆனாலும் கதவு ஓரங்களுக்குத் தேக்குச் சட்டம்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஓரம்தான் முதலில் பிய்யுமாம். கீல் கூடத் தானாகப் பைய மூடிக்கொள்கிற ரகம். கதவு படாரென்று அடித்தால் பிள்ளை திடுக்கிடுவாளாம். இருபத்தாறு வயதுப் பிள்ளை.

மேலே ஒட்டுகிற மைக்காவுக்கு வந்தபோதுதான் முகங்கள் மாறின. மகளுக்குப் பளபளப்பு பிடிக்காது. சொரசொரப்பான மர நிறம் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். "பளபளன்னு இருந்தா கைரேகையா விழும் அத்தே" என்றாள். சம்பந்தியம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாறவங்க பாத்தா கண்ணு கூசணும்லா" என்று கண்ணாடிபோல மின்னுகிற சிவப்பைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. காசும் எங்களுடையது. அவள் இஷ்டத்துக்கு அடிக்கட்டும் என்று சொன்ன வாய்தானே இது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் என் கையை அழுத்தினாள். "சரி அத்தே" என்றாள்.

பிறகு அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டாள், உள்பக்கத்துக்கு மட்டும் வேறு நிறம் போட முடியுமா என்று. உள்ளே எல்லோரும் வெள்ளைதான் போடுவார்கள், மலிவு.

"உள்ள யாரும்மா பாக்கப் போறா?"

"நான்தான அண்ணாச்சி தெறக்கப் போறேன்."

அவள் எடுத்தது நாற்றங்கால் பச்சை. சம்பந்தியம்மா சிரித்தார், விட்டுவிட்டார். பஸ்ஸில் வரும்போது அந்த மைக்காத் துண்டைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள் என் மகள். எந்தத் தட்டில் சேலை, எதில் புத்தகம் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவ்வளவு பேசுகிறவள் இல்லை அவள்.

கல்யாணத்துக்கு அப்புறம் போன வேளையெல்லாம் நாங்கள் கீழே கூடத்தில்தான் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை அறைக்குள் எட்டிப் பார்ப்பது முறையா? போனில் மட்டும் கேட்பேன். "அலமாரி எப்படிட்டி இருக்கு?" "நல்லா இருக்கும்மா. எல்லாம் அடுக்கியாச்சு." என் வீட்டுக்காரரும் விடமாட்டார், போனை வாங்கி மழைக்கு ஊதியிருக்கிறதா என்று கேட்பார். "இல்லப்பா, அப்படியே இருக்கு" என்பாள்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் காலையில் தோள்பையோடு வாசலில் நின்றாள். மாப்பிள்ளைக்கு மனதில் வேறொருத்தி இருந்திருக்கிறாள். பெற்றவர்களுக்காகத் தாலி கட்டினாராம். பெரியவர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசி ஆனது ஒன்றும் இல்லை. கடைசியில் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மகள் வரமாட்டேன் என்றாள். நாங்கள் இருவரும் ஒரு லோடு ஆட்டோவை அழைத்துக்கொண்டு போனோம். கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின், பாத்திரங்கள் எல்லாம் இறங்கின. அலமாரியை வெறித்துக்கொண்டு நின்றார் இவர். சுவரின் கோணலுக்கு ஏற்றபடி இழைத்து, சுவரிலேயே முடுக்கியது அது. கழற்றினால் வெறும் பலகை, வேறு எந்தச் சுவருக்கும் பொருந்தாது.

"வேணும்னா பேத்து எடுத்துக்கிடுங்க. செவுத்த மட்டும் பூசிக் குடுத்துருங்க" என்றார் சம்பந்தியம்மா.

பிள்ளையின் துணிகளையாவது எடுப்போம் என்று அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். குப்பென்று பாச்சை உருண்டை வாசனை. தட்டு தட்டாகச் சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலைகள். கீழே பழைய போர்வைகள், ஒரு குத்துப்போணிப் பாத்திரம், உடைந்த மின்விசிறி. அவற்றின் இடுக்கில் அந்தப் பச்சை, ஒரு கீறல் இல்லாமல், வாங்கின அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

"எம்புள்ள துணி எங்க?" என்றேன்.

"கட்டிலுக்கு அடில பெட்டி இருக்கும் பாருங்க. அவ அதுலயே வச்சிக்கிடுதேன்னுட்டா. எடம் சும்மா கெடந்துச்சி, நான் வச்சிக்கிட்டேன்."

நாங்கள் வாங்கிக் கொடுத்த சக்கரம் வைத்த பெட்டிதான். கட்டிலை இறக்கியபோது மூலையில் தள்ளியிருந்தார்கள். சேலைகள் அதற்குள் மடிப்புக் கலையாமல் இருந்தன. இவர் அலமாரிக் கதவைப் பிடித்துத் தள்ளினார். அது பைய, தானாக மூடிக்கொண்டது. ஆட்டோவில் வரும்போது இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நாங்கள் பயந்தது எதுவும் கெட்டுப்போகவில்லை. ஊதவில்லை, அரிக்கவில்லை, ஓரம் பிய்யவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேவிட்டேன். "எல்லாம் அடுக்கியாச்சுன்னு சொன்னியேட்டி?"

"அவரு மொத வாரமே சொல்லிட்டாரும்மா. எல்லாத்தையும் எடுத்துப் பரப்பாதன்னாரு." அவ்வளவுதான் சொன்னாள். அதை இத்தனை நாளும் தனியாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என் பிள்ளை.

போன மாதம் இவர் அதே கடைக்குப் போய் மைக்காத் துண்டுகளை ஒரு வளையத்தில் கோத்து வாங்கி வந்தார். அவள் அறையில் கிழக்குச் சுவரில் அலமாரி அடிக்கலாம், உள்ளும் புறமும் பச்சையே போடலாம் என்றார். அவள் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"செவுத்தோட எதுவும் வேண்டாம்ப்பா. தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தாப் போதும்."

"இது ஒன் வீடுட்டி. ஒன்ன யாரு போகச் சொல்லப் போறா?"

"அங்கனயும் அப்படித்தான்ப்பா சொன்னாவ."

வளையம் டிவி மேல் கிடக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மகளின் பெட்டி அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தினமும் காலையில் இழுத்து, மாற்றிக்கொள்ளத் துணி எடுக்கிறாள். எடுத்ததும் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடிவிடுகிறாள்.