மரமில்லாத ரோட்டில் நிழல்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சேர்த்து அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்தக் கைப்பிடி ஆட்களுக்குள் மூன்று கட்சி. கம்பெனிப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்ரோல் டாங்கியில் என்ன படம் போட்டிருக்கிறதோ அதுதான் கட்சி. என் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் விற்கிறவர். அவர் நட்சத்திரக் கட்சி. தெலுங்கு பேசுகிற பருத்தி வியாபாரி ஒருவர் சிங்கக் கட்சி; என் வீட்டுக்காரரைத் தெலுங்கில் 'பாவா', அதாவது மச்சான் என்று கூப்பிடுவார். செண்பகத்தோப்பில் காட்டிலாகா வேலையில் இருந்தவரும் அவருடைய கூட்டாளியும் குதிரைக் கட்சி.

நட்சத்திரக்காரன் என்றால் வாய்ச்சவடால். அவன் வண்டி ஊருக்கே கேட்கும், ஆனால் ஊரைத் தாண்டாது. சிங்கக்காரன் கஞ்சன், வண்டியைத் துடைத்தே தேய்த்துவிடுவானே தவிர ஓட்ட மாட்டான். குதிரைக்காரன் முரடன், எதிரே மாட்டு வண்டி வந்தாலும் ஒதுங்கத் தெரியாதவன். இப்படித்தான் ஒருத்தரையொருத்தர் ஏசிக்கொள்வார்கள். ஏசிவிட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை மேய்க்கிற வாத்தியாரம்மா நான். இந்தக் கழுதைகளை மேய்க்க என்னால் ஆகவில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கட்சிக்காரனும் "வண்டி நின்னு போச்சு" என்று வாயால் சொல்ல மாட்டான். சொன்னால் கட்சிக்கே மானக்கேடு. வழியில் ஒருவன் வண்டியை நிறுத்திக்கொண்டு கையெல்லாம் கரியாக நிற்பான். எதிர்க்கட்சிக்காரன் வருவான். வேகத்தைக் குறைத்து, "என்ன, நிழலா?" என்று கேட்பான். இவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நிழல்தான்" என்பான். நிழலுக்கு ஒதுங்கி இளைப்பாறுகிறானாம்! கேட்டவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். அதற்குமேல் விசாரிக்கக் கூடாது, உதவவும் கூடாது. உதவினால் அவமானப்படுத்தியதாக அர்த்தம். வன்னியம்பட்டியிலிருந்து வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த மனுஷர் என் வீட்டுக்காரர். வழியில் யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். "பாத்தாக. நிழல்னு சொல்லிட்டேன்" என்றார், பெரிய சாதனைபோல. சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு பங்குனியில் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரே பிள்ளை, வாய் ஓயாத பிள்ளை. முதலில் சாதாரணத் தொண்டை வலி என்று கஷாயம் கொடுத்தேன். மறுநாள் எச்சில் விழுங்கவே அழுதாள். அதற்கடுத்த நாள் விடியும்போது மூச்சு விடுகிற சத்தம் அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. ஜட்கா வண்டி பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். தொண்டைக்குள் வெள்ளையாகத் திரை கட்டியிருந்தது.

"இது தொண்டை அடைப்பான். இதுக்குன்னு ஒரு சீரம் ஊசி இருக்கு. இங்க இல்ல. மதுரையில இருக்கும், தந்தி கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லுதேன். எம்புட்டுச் சீக்கிரம் வருதோ அம்புட்டு நல்லது."

"சாயங்காலம் வந்தாப் போதுமா?" என்று கேட்டேன்.

அவர் பிள்ளையின் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சிழுக்கும்போது விலாவெலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பஸ்ஸை நம்ப முடியாது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் எல்லாம் கரி பஸ். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேட்டைக் கண்டால் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்லும். மதுரை போய்த் திரும்ப ஒரு பகல் முழுக்கப் போய்விடும். என் வீட்டுக்காரர் வண்டியில் இருந்த பெட்ரோலோ போகிற வழிக்கே காணாது. ரேஷன் கூப்பன் தீர்ந்து போயிருந்தது.

அவர் நேரே காட்டிலாகாக்காரரின் குதிரைக் கட்சிக் கூட்டாளி வீட்டுக்குப் போனார். அந்த முரடர் தன் டாங்கியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை பாட்டிலில் பிடித்துக் கொடுத்தாராம். சிங்கக்காரர் வீட்டிலும் கேட்கப் போயிருக்கிறார். அவர் பருத்தி பார்க்க முந்தின நாளே கூமாப்பட்டிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கிடைத்ததை ஊற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் கிளம்பினார். கிளம்பும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "உச்சிக்குள்ள வந்துருவேன்" என்றார். பிள்ளையைத் தொடவில்லை. தொட்டால் போக முடியாது என்று பயந்திருப்பார்.

அவர் போன பிறகு எனக்கு வேறு வேலையில்லை; மூச்சைக் கேட்பதுதான் வேலை. இழுத்து, நின்று, சீறி வெளியே வரும். நிற்கிற இடத்தில் என் உயிரும் நிற்கும். கர்த்தரிடம் கெஞ்சினேன். பிறகு சண்டை போட்டேன். "இதுக்குத்தான் குடுத்தியா? எடுத்துக்கிடணும்னா எதுக்குக் குடுத்த?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் என்னைப் பயத்தோடு பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மூன்று கட்சிச் சத்தமும் அத்துப்படி. நட்சத்திர வண்டி கடகடவென்று அலறிக்கொண்டு வரும். குதிரை வண்டி உறுமும். சிங்க வண்டி தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடும். நான் அந்தக் கடகடப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அந்தச் சத்தத்தை எத்தனை முறை திட்டியிருப்பேன்! அன்றைக்கு அதற்காகத் தவம் கிடந்தேன்.

உச்சி சாய்ந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. டாக்டரம்மா நர்ஸிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நர்ஸ் ஒரு தட்டில் கத்தியும் ஒரு சின்னக் குழாயும் கொண்டுவந்து துணி போட்டு மூடி வைத்தாள்.

"எதுக்கும்மா அது?"

"மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா கழுத்துல துளை போடணும். இன்னும் செத்த நேரம் பாப்போம்."

நான் வாசலுக்கு ஓடினேன். வெறும் ரோடு. அப்போதுதான் தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. காதைக் கொடுத்தேன். கடகடப்பு இல்லை. ஒரே சீரான சத்தம். சிங்க வண்டி!

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நாசமாப் போற வண்டி, உன்னை யாரு வரச் சொன்னா!" என்று கத்தினேன். என் மகள் செத்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் கஞ்சன் துடைத்த வண்டியில் ஊர்வலம் போகிறான் என்றுதான் நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றக் கையில் எடுத்துவிட்டேன்.

வண்டி ஆஸ்பத்திரிக்குள்ளேயே திரும்பியது. அதிலிருந்து குதித்து ஓடிவந்தவர் என் வீட்டுக்காரர். நெஞ்சோடு சேர்த்து ஈரத்துணி மூட்டை ஒன்றை அணைத்திருந்தார். என்னைத் தாண்டி உள்ளே ஓடினார். கையில் எடுத்த மண்ணோடு நான் பின்னால் ஓடினேன்.

ஊசி போட்டார்கள். "இனி மருந்து வேலை செய்யணும். நாம காத்துக்கிட்டு இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. கத்தித் தட்டை அவர் எடுத்துப்போகச் சொல்லவில்லை. அது அங்கேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். மதுரையில் மருந்து தயாராக இருந்திருக்கிறது. திரும்பி வரும்போது கல்லுப்பட்டி தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே செயின் அறுந்து போய்விட்டது. கண்ணுக்கெட்டியவரை ஒரு மரம் கிடையாது, ஒரு ஆள் கிடையாது. மருந்தைத் துணியோடு வண்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அறுந்த கண்ணியைக் கல்லால் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். அப்போது எதிரே சிங்கக்காரர் வந்திருக்கிறார். கூமாப்பட்டி வேலையை முடித்துக்கொண்டு கல்லுப்பட்டிக்குப் போகிற வழி. பிள்ளைக்குச் சுகமில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

"வேகத்தக் கொறச்சாரு. 'ஏமி பாவா, நிழலா?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீய?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க. என்ன சொன்னீய?"

"நிழல்தான்னு சொல்லிட்டேன்."

என்னால் நம்ப முடியவில்லை. பெற்ற பிள்ளைக்கு மருந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிழல்தான் என்றாராம்! "வேணும்னு சொல்லல. வாயி பழகிப் போச்சு. அவரு கேட்டாரு, அது தானா வந்துருச்சு. அவரு போன பொறவுதான் என்ன சொன்னோம்னே தெரிஞ்சுது. கத்திக்கிட்டே பின்னால ஓடுனேன். இஞ்சின் சத்தத்துல அவருக்குக் கேக்கல" என்று சொல்லிச் சொல்லித் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. இன்னும் இரண்டு நான் போடலாம் போலத்தான் இருந்தது.

ரோட்டிலேயே மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தவருக்கு, கொஞ்ச நேரத்தில் சிங்க வண்டி திரும்பி வருகிற சத்தம் கேட்டிருக்கிறது. சிங்கக்காரர் வந்து நிறுத்தி, சுற்றிலும் பார்த்து, "பாவா, இங்க ஏது மரம்? எந்த நிழலைச் சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் மருந்தைத் தூக்கிக் காட்டி, "பிள்ள" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

சிங்கச் செயின் நட்சத்திரத்துக்குச் சேராது. பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால், அவர் வண்டியில் பின் சீட்டே கிடையாது. யாரும் உட்காரக் கூடாது என்று வாங்கின அன்றே கழற்றி எறிந்தவர். சொந்தத் தம்பியைக்கூட ஹாண்டிலைத் தொட விடாத மனுஷர், இறங்கி வண்டியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். "கியர் கால்ல இருக்கு பாவா, உங்க வண்டி மாதிரி டாங்கிப் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க" என்று சொல்லித் தள்ளிவிட்டாராம்.

பிறகு நாங்கள் இருவரும் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வெயில் இறங்கி, ஆஸ்பத்திரியில் விளக்கு ஏற்ற வந்தபோதுதான் என் வீட்டுக்காரர் திடுக்கென்று எழுந்தார்.

"அடப்பாவி! அவர அங்கயே விட்டுட்டேனே!"

எங்கள் இருவருக்குமே அந்த மனுஷர் ஞாபகமே வரவில்லை. வீட்டில் கிடந்த பழைய செயினோடு சிங்க வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

செயினை மாட்டி, அவர்கள் ஆளுக்கொரு வண்டியில் திரும்பி வந்தபோது சிங்கக்காரர் வார்டு வாசலில் நின்று, "பாப்ப எட்லா உந்தி?" என்று கேட்டார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தெலுங்கில். அவசரத்தில் அவருக்குத் தமிழ் வரவில்லை. எனக்கு எந்த பாஷையும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது எதற்கான ஆட்டல் என்று எனக்கே தெரியாது. அவர் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போகவில்லை.

காலையில் என் மகள் கண்ணைத் திறந்து, "அம்மா, தண்ணி" என்றாள். அது அவள் குரலே இல்லை. கரகரவென்று யாரோ கிழவன் பேசுகிற மாதிரி இருந்தது. அந்தக் குரல் இன்றுவரை மாறவில்லை. அதற்குமேல் இனிமையான குரலை நான் கேட்டதும் இல்லை. டாக்டரம்மா கத்தித் தட்டை எடுத்துப்போகச் சொன்னார்.

படிக்கட்டுக்கு ஓடினேன். "தண்ணி கேட்டா!" என்றேன். என் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். சிங்கக்காரர் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் அழுதார். வெளிச்சத்தில் அப்போதுதான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். நெற்றியும் மூக்கும் வெந்து தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. உச்சி தொடங்கிப் பொழுது சாயும்வரை பங்குனி வெயிலில், தண்ணீர்கூட இல்லாமல் நின்றிருக்கிறார்.

"ஏன் அண்ணாச்சி இப்படி நின்னீய? அந்த ஓட்ட வண்டியப் போட்டுட்டு ஏதாவது ஊருக்குள்ள போயிருக்கலாம்ல?"

"டயர் கிடைக்காத காலம் தாயி. விட்டுட்டுப் போனா வெறும் எலும்பைத்தான் விட்டு வைப்பாங்க."

"அந்த வழியா ஒருத்தரும் வரலியா?"

"வந்தாரே, செண்பகத்தோப்புக் குதிரைக்காரரு. நட்சத்திர வண்டிக்குப் பக்கத்துல என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சாரு. 'என்ன, நிழலா?'ன்னு கேட்டாரு."

"அவருகிட்டச் சொல்லி ஏறி வந்திருக்கலாமே! தண்ணியாவது வாங்கிக் குடிச்சிருக்கலாமே! என்ன சொன்னீய அவருகிட்ட?"

அவர் வெடித்த உதட்டை நக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நிழல்தான்னு சொன்னேன். பாவா வண்டி நின்னு போச்சுன்னு என் வாயால எப்படித் தாயி சொல்லுவேன்?"

எனக்கு அந்த மனுஷரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. காலில் விழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.