பீம்ராவ் முடிக்காத பாட்டு

பீம்ராவிடமிருந்து போன் வந்தால் எங்கள் செட்டில் யாரும் சட்டென்று எடுக்க மாட்டோம். கொஞ்சம் அடிக்கவிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் எடுப்போம். சும்மா நலம் விசாரிக்கப் போன் செய்கிற ஆள் இல்லை அவன். பொங்கலுக்குச் செய்ய மாட்டான், பேரன் பிறந்ததற்குக்கூடச் செய்யவில்லை. எங்களோடு படித்தவர்களில் யாராவது செத்தால்தான் செய்வான். "செங்கொடி, அவனப் பத்தி ஒன்னு சொல்லு. வூட்டுக்காரங்களுக்கே தெரியாதது எதுனா சொல்லு" என்பான். அழுதுகொண்டே சொல்வோம். எல்லோரிடமும் கேட்டதைச் சேர்த்து, சாவு வீட்டில் கானாவாகக் கட்டிப் பாடிவிடுவான். உடம்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி பிள்ளைகளுக்கு, தங்கள் வீட்டு மனிதன் ஒரு காலத்தில் அரைக்கால் டிராயர் போட்டுக்கொண்டு என்னவெல்லாம் அட்டகாசம் செய்தான் என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

திருவொற்றியூரில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்றாகப் பத்தாவது வரை படித்தவர்கள் நாங்கள். பீம்ராவ் கொருக்குப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவான். எதிர்த் திசையிலிருந்து, காத்திவாக்கம் குப்பத்திலிருந்து, திருமுருகனும் நீலாவும் வருவார்கள். இரண்டு பக்கத்து ரயிலும் வந்து சேர்ந்தால்தான் எங்கள் வகுப்பு வகுப்பாகும். நான் உள்ளூர்க்காரி. அப்பா தொழிற்சங்கத்தில் செங்கொடி பிடித்தவர், எனக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பெயரோடு வாயும் சேர்ந்து வந்துவிட்டது. எங்கள் வாட்ஸப் குரூப்பில் தினமும் காலையில் வந்து விழுகிற ரோஜாப்பூக்களைப் பார்த்துவிட்டு, "ஏன், உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா?" என்று ஒருநாள் எழுதிவிட்டேன். ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ராயபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற ஜுபைர்தான் குரூப்பை ஆரம்பித்தவன். அவன் வீடு வீடாகப் போய்க் காலில் விழாத குறையாக அவர்களைத் திரும்பக் கூட்டிவந்தான்.

பீம்ராவ் பத்தாவது முடித்ததும் கூட்ஸ் யார்டில் லோடு ஏற்றப் போனான். முதுகு சொன்னபடி கேட்கிறவரைக்கும் மூட்டை தூக்கினான், அப்புறம் மேஸ்திரி ஆனான். மலர்க்கொடியைக் கட்டினான், ரெண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தான். சொல்லப்போனால் எல்லோர் வாழ்க்கையும் போலத்தான். ஆனால் கொருக்குப்பேட்டையில் எந்தச் சந்தில் சாவு விழுந்தாலும் முதலில் போகிற ஆளும் அவன்தான். டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கல் நெஞ்சுக்காரனும் கரைந்துபோவான். யார் வீட்டிலும் கைநீட்டி வாங்கமாட்டான், ஒரு டீ போதும்.

அவர்கள் பௌத்தக் குடும்பம். ஆவி, சொர்க்கம் எதிலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. அப்படியென்றால் யாருக்காகப் பாடுகிறாய் என்று ஒருமுறை மடக்கினேன். "செத்தவனுக்கு இன்னாமே கேக்கப் போவுது? இருக்கிறவங்களுக்குத் தொண்டையில அடைச்சிகினு கீது. அது வெளிய வரணும்ல" என்றான். அவனுக்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. சாவு விழாமல் சாவுப் பாட்டு பாட மாட்டான். யாரும் போனில் பதிவு செய்யவும் விடமாட்டான். அந்தப் பாட்டு அந்த வாசலோடு சரி, வேறு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பான்.

அப்படி எத்தனையோ பேருக்குப் பாடியவன், தன் உயிர்த் தோழனுக்குப் பாடாமலே இருந்தான்.

திருமுருகனும் அவனும் ஒரே பெஞ்சு. பீம்ராவ் முணுமுணுப்பான், திருமுருகன் பெஞ்சைத் தட்டுவான், ரெண்டு பேரும் வெளியே முட்டி போடுவார்கள். பள்ளிக்கூட நாளிலேயே ரெண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. "உனக்குப் பாட வரும், எனக்கு வராது. அதனால நான்தான் முன்னாடி போவணும் மாமு" என்று திருமுருகன் சொல்வான். சிரிப்பாய்ச் சிரிப்போம். அவன் பிறகு நீலாவைக் கட்டிக்கொண்டான். வகுப்பிலேயே தினம் சண்டை போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்தான். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவன், பல வருஷங்களுக்கு முன் ஒரு புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை.

குப்பத்துப் பெரியவர்கள் ஒரு வருஷம் பார்த்துவிட்டு, உருவம் செய்துவைத்துக் காரியம் முடித்துவிடலாம் என்றார்கள். கடலில் போனவர்களுக்கு அப்படித்தான் செய்வது. நீலா ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பைக் காட்டுங்கள், அழுகிறேன் என்றாள். பூவும் பொட்டும் வளையலுமாக மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்றாள். ஊர் என்னவெல்லாமோ பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த நாளில் பீம்ராவ் டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திவாக்கம் போயிருக்கிறான். அவள் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாளாம், யாருக்குப் பாட வந்தே என்று. அப்படியே திரும்பி அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு எங்கள் குரூப்பில் திருமுருகனைப் பற்றி யாரும் பேசியதில்லை. நீலாவும் அந்த குரூப்பில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கதை எதை எடுத்தாலும் நடுவில் அவன் வந்து நிற்பான், உடனே யாராவது ஒரு ரோஜாப்பூவைப் போட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

போன வருஷம் பீம்ராவுக்குக் குரல் கம்மிப்போனது. சளி என்றான், பனி என்றான். மலர்க்கொடி சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், குரல் இருக்காது என்றார்கள். இதையும் அவன் போன் செய்து சொல்லவில்லை, மலர்க்கொடிதான் சொன்னாள். கேட்டதும் எனக்கு யார்மேல் என்றில்லாமல் கோபம் வந்தது. பீடி பிடிக்காதே என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவன் வீட்டில் கூடுவது என்று ஜுபைர் ஏற்பாடு செய்தான். அவன் குரலை ஒருமுறையாவது பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. நாங்கள் நாலைந்து பேர் போய்க் கேட்டபோது பீம்ராவ் முடியாது என்றுவிட்டான். சாவு விழாத இடத்தில் எப்படிப் பாடுவது? சினிமாப் பாட்டாவது பாடேண்டா என்று ஜுபைர் கெஞ்சினான். பீம்ராவ், "எங்கிட்ட இன்னும் ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி கீது. அதைப் பாடாம போனாதான் எனக்குப் பேஜாரு" என்றான். யாருக்கான பாட்டு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நீலாவிடம் போய் யார் சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் நீளமானவளுக்கு இப்படி ஒரு வேலை.

நான் போனபோது மார்க்கெட்டில் வியாபாரம் ஓய்ந்திருந்தது. இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குரல் போகப்போகிறது, திருமுருகனுக்காக ஒருமுறை பாட வேண்டும் என்று கிடக்கிறான், நீ வரமாட்டாய் என்றால் அவன் பாடமாட்டான் என்றேன். சாவுப் பாட்டாக வேண்டாம், பள்ளிக்கூடக் கதையாக மட்டும் பாடட்டும் என்றும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி இறால்வரை உரித்து முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, "வரேன். ஆனா அவரு பூட்டாருன்னு எவனும் என் எதிர்ல சொல்லக் கூடாது" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீம்ராவின் கூடத்தில் உட்கார இடமில்லை. நீலா பெரிய பொட்டும் தலை நிறையப் பூவுமாக வந்து, அவனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். ஜுபைர் போனை எடுத்தான். பீம்ராவ் பார்த்த பார்வையில் மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

குரல் கரகரவென்றுதான் வந்தது. ஆனால் பாட்டு அவனுடையது.

"எண்ணூரு ரயிலுல
எகிறிக் குதிச்சவனே
எங்கூடப் பெஞ்சியில
ஒட்டிக் குந்துனவனே"

அன்றைக்கு அவன் காத்திவாக்கம் போகுமுன் நாங்கள் ஒவ்வொருவரும் அவனிடம் சொன்னதெல்லாம் அதில் வந்தது. கணக்கு வாத்தியார் மேசை டிராயரில் உயிர் நண்டை விட்டது வந்தது. ரயில் கதவில் தொங்கிக்கொண்டு வந்து செருப்பைத் தொலைத்தது வந்தது. மழைநாளில் என் புத்தகப் பையைத் தன் தலையில் சுமந்து, அது மொத்தமாக நனைந்துபோனது வந்தது. நீலாவின் ஜடையைப் பின்பெஞ்சில் கட்டிவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல முழித்தது வந்தபோது, அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கானாவில் ஓர் இடம் வரும். கதையெல்லாம் சொல்லி முடித்து, செத்தவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எங்களை விட்டுப் போய்விட்டாயே என்று கேட்கிற இடம். அங்கேதான் வீடே வெடித்து அழும். பீம்ராவ் அந்த இடத்துக்கு வந்தான். டோலக் அடி மெதுவானது. நீலாவைப் பார்த்தான். சிரிப்பெல்லாம் அடங்கி, அவள் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். வேண்டாம்.

அவன் டோலக்கைக் கீழே வைத்துவிட்டான். மலர்க்கொடி எழுந்து எல்லோருக்கும் டீ போடப் போனாள். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது.

உயிர் தங்கியது. தொண்டையில் ஓர் ஓட்டை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. மூச்செல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான். ஆள் பாதியாக இளைத்துப்போனான். அதற்குப் பிறகு எங்கள் செட்டில் ஒருத்தி மணலியில் இறந்துபோனாள். யாருக்கும் போன் வரவில்லை. நாங்கள் போய் மாலை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கதை இருந்தது. கேட்க ஆளில்லை. அன்றைக்குத்தான் பீம்ராவின் குரல் போனது எனக்கு முழுசாக உறைத்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் நீலா கூப்பிட்டாள். பீம்ராவ் வீட்டுக்குப் போகணும், துணைக்கு வா என்றாள். ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பீம்ராவ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நீலா தரையில் உட்கார்ந்தாள். அவள் பேசியதை மலர்க்கொடியும் நானும் நின்றுகொண்டே கேட்டோம்.

"அன்னிக்கு நீ பாடினியே பீமு, வூட்டுக்குப் போயும் அதையே நெனச்சிகினு இருந்தேன். அவரு மூஞ்சி கண்ணு முன்னாடியே நிக்குது. தலையில ஒரு நரை இல்ல. கண்ணாடியில என்னப் பாத்தேன், கெழவியாயிட்டேன். உசுரோட கீறவங்களுக்கு வயசாவும்ல? அவருக்கு மட்டும் ஆவலியே."

அவள் பீம்ராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு வேணாம்னு நான்தான் தலையாட்டினேன். இப்ப முடிச்சுக் குடு" என்றாள்.

மலர்க்கொடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு நீலாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பீம்ராவ் கையை நீட்டினான். மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு பரண்மேல் இருந்த டோலக்கை இறக்கிக் கொடுத்தாள். அவன் அடிக்க ஆரம்பித்தான், பிறகு வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. தொண்டைத் துணி படபடத்தது. காற்று மட்டும் வந்தது. மறுபடியும் முயன்றான், மறுபடியும் அதேதான். அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அத்தனை சாவு வீட்டிலும் அழாத மனிதன்.

"நீ கொட்டுடா பீமு" என்றாள் நீலா.

அவன் கொட்டினான். பள்ளிக்கூடத்தில் திருமுருகனை வாடா போடா என்றுதான் அவள் கூப்பிடுவாள். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவன் பெயரை அவள் வாய் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

"டேய் திருமுருகா" என்றாள். "பூட்டியாடா. என்ன வுட்டுப் பூட்டியாடா."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, தலையை முட்டி முட்டி அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுது முடிக்கிறவரைக்கும் பீம்ராவ் கொட்டிக்கொண்டே இருந்தான்.