சபை வண்டியில் என் வீட்டுக்காரி

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரிந்த பிறகு, எல்லையை எங்கே போடுவது என்ற சண்டை எங்கள் சபைக்குள்ளும் புகுந்துவிட்டது. புத்தூருக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. சபையில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. ஒரு ஞாயிறு தமிழில் ஆராதனை நடந்தால் மறு ஞாயிறு தெலுங்கில் நடக்கும். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை. புத்தூர் யாருக்கு, திருப்பதி யாருக்கு என்று டீக்கடையில் பேசியதைக் கோயில் வாசலிலும் பேச ஆரம்பித்தபோதுதான் கெட்டது. கடைசியில் தெலுங்குக் குடும்பத்தார் கோபித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் தனியாகக் கூடினார்கள்.

பிரித்துக்கொள்ள முடியாமல் நின்றது சபையின் பிரேத வண்டி ஒன்றுதான். நாலு சக்கரம், கறுப்புச் சாயம், மேலே சிலுவை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கல்லறைத் தோட்டத்துக்கு அதில்தான் தள்ளிக்கொண்டு போவோம். எங்களைக் கேட்காமல் அவர்கள் எடுக்கக்கூடாது, அவர்களைக் கேட்காமல் நாங்கள் எடுக்கக்கூடாது என்று கொட்டகைக்கு ரெண்டு பூட்டுப் போட்டார்கள். எங்கள் பக்கத்துச் சாவி என்னிடம் இருந்தது. இன்னொன்று தெலுங்கு மூப்பரிடம். அவரை நான் அண்ணய்யா என்றுதான் கூப்பிடுவேன். பூட்டு விழுந்த பிறகு கூப்பிடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரிக்கு இடுப்புவலி கண்டது. ஒரு ராத்திரி முழுக்கத் துடித்தாள். விடிந்ததும் மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி தன் கையில் ஒன்றும் இல்லை, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஒருவேளை ரெண்டு உயிரும் தங்கும் என்றாள். அன்றைக்குப் பார்த்து எல்லைப் போராட்டத்துக்காக எங்கும் கடையடைப்பு. பஸ் இல்லை. மாட்டு வண்டிக்காரர்களைக் கேட்டேன். முந்தின நாள்தான் ரெண்டு வண்டியை ரோட்டில் கவிழ்த்துவிட்டார்கள், மாட்டை அடித்தால் யார் பதில் சொல்வது என்று பின்வாங்கினார்கள். கட்டிலோடு தூக்கினால் அவள் குலுங்கியே செத்துப்போவாள்.

சாவியை எடுத்துக்கொண்டு அண்ணய்யா வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்றே யோசித்தேன். அவர் வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றார். என் கையில் சாவியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"போயிட்டாளா?" என்றார்.

"இல்ல அண்ணய்யா. உசிரோட இருக்கா. வண்டி வேணும்."

அவர் வேப்பங்குச்சியை எறிந்தார். தன் சாவியை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் அவர்கள் ஆட்கள் வீட்டுக் கதவுகளையெல்லாம் தட்டிக்கொண்டே வந்தார். நான் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டேன். கொட்டகை திறந்தபோது ரெண்டு பக்கத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வண்டியைப் பிடித்து இழுத்தோம்.

வண்டியைக் கண்டதும் என் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிற பெண்ணைப் பிணம் போகிற வண்டியில் ஏற்ற விடமாட்டேன் என்று அழுதாள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏத்துங்கம்மா. செத்தா திரும்பி வர்றதுக்கு வேற வண்டி தேட வேணாம்." அந்த நிலையிலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை.

மெத்தை போட்டுப் படுக்கவைத்தோம். வெயிலுக்கு மேலே ஒரு வெள்ளைத் துப்பட்டியைக் கட்டினோம். அதனால் வரப்போவதை அப்போது யோசிக்கவில்லை. ஒரு மைல் போனதும் ரோட்டில் முள்ளை வெட்டிப் போட்டுத் தமிழ்ப் பையன்கள் நின்றிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். சாவுக்கு யாரும் வழி மறிக்கமாட்டார்கள் அல்லவா? முள்ளை இழுத்து ஒதுக்கிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். துப்பட்டிக்குக் கீழே அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். நாங்கள் மூச்சுவிடாமல் தள்ளினோம்.

தாண்டினதும் எங்கள் ஆள் ஒருத்தர், "நாம ஒண்ணும் பொய் சொல்லலியே" என்றார்.

"வாய் சொல்லல, வண்டி சொல்லுச்சி" என்றார் அண்ணய்யா. "அடுத்த வாட்டி கேட்டா நான் நெசத்தைத்தான் சொல்வேன்."

இவர் நிஜத்தைச் சொல்லி, அவர்கள் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டால்? கர்த்தாவே, இந்த மனுஷன் வாயை இன்று ஒரு நாள் கட்டிவிடும் என்றுகூட ஜெபித்தேன்.

அடுத்த இடத்தில் தெலுங்குக்காரர்கள் நின்றார்கள். பெரிய புளியமரத்தையே வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கையில் கம்பு வைத்திருந்த ஒருவன் முன்னால் வந்து, "எவரு போயாரு?" என்று கேட்டான். செத்தது யார் என்கிறான். அண்ணய்யா முன்னால் போய் நின்றார். யாரும் சாகவில்லை, பிள்ளை வராமல் கிடக்கிறாள், தமிழ்ப் பெண் என்று தெலுங்கில் அப்படியே சொல்லிவிட்டார். அப்படியானால் நீ அவளுக்கு என்ன ஆகவேண்டும் என்று கேட்டான் அவன்.

"அன்னனி" என்றார். அண்ணன் என்று.

அவர்களுக்குள் சிரிப்பு எழுந்தது. தமிழ்க்காரிக்கு அண்ணனாம், நாளைக்குப் புத்தூரையும் தங்கச்சிக்குச் சீராகக் கொடுத்துவிடுவான் என்று ஒருவன் கேலி பேசினான். அண்ணய்யா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அந்த நேரம் பார்த்து அவளால் அடக்க முடியவில்லை. துப்பட்டிக்குள்ளிருந்து அவள் அலறினது இன்னமும் என் காதில் இருக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது. கம்புக்காரன் கம்பைக் கீழே இறக்கினான். பிறகு, மரத்தை எடுக்கமாட்டோம், வேண்டுமானால் தாண்டிக்கொண்டு போங்கள் என்றான்.

மரம் இடுப்பளவு இருந்தது. பெட்டியைக் குழியில் இறக்கும்போது கைகள் ஒன்றாக அசைய எங்கள் சபையில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லித்தான் இறக்குவோம். தெலுங்கில் சொன்னாலும் அதே வார்த்தைதான். அன்றைக்கும் அதைச் சொல்லித்தான் வண்டியை அவளோடு தோளுக்குத் தூக்கினோம். ஒரு பக்கம் சாய்ந்தால் அவள் விழுந்துவிடுவாள். என் எதிரில் பிடித்திருந்தவர், அந்தப் பூட்டு விழுந்த நாளில் என்னைத் தெருவில் வைத்துத் திட்டினவர். அவர் கண் என் கண்ணைவிட்டு அகலவே இல்லை. நான் இறக்கினால் அவர் இறக்குவார், நான் நின்றால் அவர் நிற்பார். ஐக்கியம் ஐக்கியம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என் தோள் அதைக் கற்றது அந்த மரத்தின் மேல்தான்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். யாரும் சத்தமாக ஜெபிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வெயில் சாய்ந்து, நிழல் எங்களைத் தாண்டிச் சுவர்வரைக்கும் போய்விட்டது. கடைசியில் நர்சம்மா கதவைத் திறந்து, இந்த அம்மாவின் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டார்.

மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம்.

அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருத்தர் வந்தால் போதும் என்றார். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள் என்றார். அண்ணய்யாதான் என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டுத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் கண்ணைத் திறக்கவே முடியாமல் கிடந்தாள். நான் குனிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "வெளிய இருக்கிறவங்க எதனா துன்னாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"போயி மொதல்ல அதைப் பாருங்க" என்றாள்.