கொசுவலை கட்டிய மடை

நீலாம்பாளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையில் தணிந்துவிடும். ஓரகத்தி குந்தவையைப் பார்த்தால் வருகிற காய்ச்சலுக்குத்தான் நன்னிலம் முழுக்கத் தேடினாலும் மருந்து கிடையாது. கொழுந்தன் குந்தவைக்கு மிக்ஸி வாங்கித் தந்த அன்று இவள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. பாவம் தங்கையன், இவளைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்கு டீக்கடை பன்னைத் தின்றுவிட்டுப் படுத்தார்.

மற்றபடி நல்ல பொம்பளை. நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே வளர்ந்தவள். நடவு மிஷின் வந்து வேலை குறைந்ததும் வாய்க்கால் மீனில் இறங்கினாள். அதை விற்றுத்தான் மகள் இசைவாணியைத் தஞ்சாவூரில் நர்சிங் படிக்கவைத்தாள். அயிரைக்கு உயிரோடு இருந்தால்தான் மதிப்பு. சேற்றில் புதைந்து, மண்ணை வாயில் வாங்கிச் சலித்துத் தின்கிற மீன் அது. குடத்தில் அடைத்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் குடத்தோடு அவள் பஸ் ஏறுவது கூத்தாநல்லூர் ஜன்னத் பீவி வீட்டுக்கு. பிள்ளைகள் எல்லாம் துபாயில் இருக்கிற பெரிய வீடு. "நீலா மீன் வந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்று பீவி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காகவே நீலாம்பாள் வெயிலில் சேறு மிதிப்பாள்.

ஒரு மாசியில் குந்தவையும் மீன் குடத்தோடு அதே வாசலுக்குப் போனாள். போனவள் கொடுத்துவிட்டு வரக்கூடாதோ? கொல்லையில் உட்கார்ந்து, அயிரையைத் தண்ணீர் கலந்த தேங்காய்ப்பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு வழுவழுப்புப் போக உரசி, குழம்புக்குத் தயாராகக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் பீவி வெள்ளந்தியாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காத நீலா. குந்தவை மீனுல மண்ணே கடிபடல. இனிமே அவகிட்டயே வாங்கிக்கிறேன்."

நீலாம்பாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று பஸ் ஏறினாள். மீனைக் கழுவின கையைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பொறாமைக்கு ஏது அந்தப் பொறுமை? குந்தவை பிடிப்பது மேலவாய்க்காலில், அங்கே தண்ணீர் தெளிவு, அதனால்தான் மீன் சுத்தம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். அது கொழுந்தன் வயலை ஒட்டிய வாய்க்கால். இவள் போய் அங்கே மீன் பிடிக்கிற கூடை வைக்க முடியாது.

"எனக்கில்லாத வாசல் அவளுக்கும் வேணாம்" என்று தங்கையனிடம் சொன்னாள். தங்கையன் சோற்றைப் பிசைவதில் கவனமாக இருந்தார்.

ஆனியில் மேட்டூர் தண்ணீர் வந்து சேர்ந்தது. புதுத்தண்ணீர் பட்டதும், கோடை முழுக்க வடிகால் குட்டைகளில் பதுங்கிக் கிடந்த மீனெல்லாம் சினை வயிற்றோடு நீரை எதிர்த்து ஏறும். வயலில் முட்டையிடும். குஞ்சுகள் நெல்லுக்குள் வளர்ந்து ஐப்பசி மழையில் திரும்ப இறங்கும். அதனால் எங்கள் ஊரில் ஏறுகிற மீனுக்கு மடையை முழுக்க அடைப்பதில்லை. ஒரு கை அகலமாவது வழி விட்டுத்தான் கூடை வைப்பார்கள். நீலாம்பாள் வீட்டுக் கொசுவலையைக் கொண்டுபோய் வடிகால் மடைக்குக் குறுக்கே, விரல்கூட நுழையாதபடி கட்டினாள். குந்தவை வாய்க்காலுக்கு ஒரு மீனும் ஏறக்கூடாது. ஏறவும் இல்லை. வலையில் விழுந்ததெல்லாம் சினை தள்ளிய மீன். அத்தனையையும் நன்னிலம் கடைத்தெருவில் விற்றுத் தீர்த்தாள்.

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். ஐப்பசியில் மேலவாய்க்காலிலும் மீன் இல்லை, கீழே இவள் கூடையிலும் இல்லை. ஏறிப் போனது ஏதாவது இருந்தால்தானே இறங்கி வரும்?

ஆனாலும் அவளுக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது. குந்தவை மீன் விற்பதை விட்டுக் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. இவள் அசலூர் வாய்க்கால்களில் அலைந்து, குடத்தின் அடியை மறைக்கிற அளவுக்கு அயிரை சேர்த்துக்கொண்டு, கூத்தாநல்லூர் போய் பீவி வீட்டுக் கொல்லைக்கதவைத் தட்டினாள். பழைய இடம் திரும்பக் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் முகமெல்லாம் பல்.

கதவைத் திறந்தது குந்தவை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், கையெல்லாம் மசாலா.

"வாங்கக்கா. மீன் இல்லாம சும்மாத்தானே இருக்கே, சமையலுக்கு வந்துடுன்னு பீவிம்மா சொல்லிட்டாங்க. நேத்துலேருந்து வர்றேன்."

உள்ளேயிருந்து பீவியின் குரல் கேட்டது. "யாரு குந்தவை?"

"நீலா அக்கா, பீவிம்மா. அயிரை கொண்டாந்திருக்காங்க."

"உசுரோட இருக்கான்னு நீயே பார்த்து வாங்கிக்க."

குந்தவை கையைக் கழுவிக்கொண்டு வந்து குடத்துக்குள் விட்டு அளைந்தாள். செத்துக் கிடந்ததை எடுத்து ஓரமாகப் போட்டாள். குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நீலாம்பாளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனசு ஆறியிருப்பாள்.

"அடுத்த வாரமும் கொண்டாங்கக்கா. கொஞ்சம் பெருசாப் பார்த்து."

அந்த வாசலில் நின்று பழகிய வாய், யோசிக்கும் முன்னே "சரிங்க" என்று சொல்லிவிட்டது.