பிழையான திதி

அறுபது வருடத்துக்கு மேலாக அப்பாவின் திவசத்தைப் பிழையான திதியில் செய்து வந்திருக்கிறோம் என்பது 2009இல்தான் எனக்குத் தெரியவந்தது. அப்பா இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஓர் ஆங்கிலேயச் சரக்குக் கப்பலில் சமையற்காரர். நீர்மூழ்கிக் கப்பல் அடித்து அத்திலாந்திக்கில் அது மூழ்கியபோது எனக்கு ஒரு வயது. யாழ்ப்பாணத்துக்குத் தந்தி வந்த நாளையே இறந்த நாளாக வைத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு நாளைப் பற்றிக் கவலையில்லை, தாகத்தைப் பற்றித்தான். லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டில், எண்பத்தெட்டு வயதிலும், படையலில் சோறு வைக்கமுதல் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பார்.

"உப்புத் தண்ணிக்கு நடுவில நா வறண்டு செத்தாரோ, ஆர் கண்டது?"

வருடா வருடம் இதே கேள்வி. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "கப்பலோடயே போயிருப்பார் அம்மா, தாகமெடுக்க நேரம் இருந்திராது" என்று ஆறுதல் என்ற பேரில் எரிந்து விழுவேன்.

ஓய்வு பெற்று வீட்டிலிருந்து மனைவியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் அப்பாவின் கப்பலைப் பற்றித் தேடச் சொல்லி, லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு என்னைத் துரத்திவிட்டாள். அங்கே வேலைசெய்த பெண், கப்பலின் பெயரை மட்டும் வைத்துத் தேடி ஒரு கோப்பைக் கொண்டுவந்து தந்தார். நல்லாயிருக்க வேண்டும் அந்தப் பிள்ளை. தப்பிப் பிழைத்த இரண்டாம் அதிகாரியின் வாக்குமூலம் அது. அப்பாவின் பெயரைக் கொலைசெய்து எழுதியிருந்தார், ஆனால் அப்பாதான். உயிர்காப்புப் படகில் ஒன்பது நாள் மிதந்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் பெருமழை. பாய்ச்சீலையில் பிடித்து எல்லோரும் வேண்டியமட்டும் குடித்தார்கள். காயப்பட்டிருந்த சமையற்காரர் இரண்டு குவளை குடித்து, நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினார். விடியும்போது உயிர் இல்லை.

அவ்வளவுதான், நாலு வரி. அந்த மேசையிலேயே அழுதேன். வெட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ரெண்டு குவளையோ?"

"ஓம் அம்மா, ரெண்டு."

பிறகு அம்மா, "இதை எழுதி வைச்ச மனிசன் இப்ப இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"இருக்கமாட்டார். அப்பவே நாப்பது வயசெண்டு கிடக்கு."

"அப்ப அவருக்கும் சேத்து எள்ளுந்தண்ணியும் இறை."

சரியான திதியில் விம்பிள்டன் கோயிலுக்குப் போனேன். அப்பாவுக்கு இறைத்து முடித்ததும் ஐயர் மற்றவரின் கோத்திரம் கேட்டார். வெள்ளைக்காரருக்குக் கோத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? "தெரியாட்டி சிவகோத்திரம்" என்றார் ஐயர், முகத்தில் மாற்றமே இல்லாமல். வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரை அவர் தட்டித்தடவிச் சொல்ல, எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பாவுக்கு இறைத்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான் இறைத்தேன். அப்பா குறை நினைக்கமாட்டார்.