ஒரே ஒரு வில்லங்கம்

என் மனைவிக்கு 'வில்லங்கம்' என்று பெயர். நான் வைத்ததல்ல. அவள் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்தில் வைத்தது. வீடு வாங்க வருகிறவர்கள் கொண்டுவரும் காகிதங்களை அங்கே அவள்தான் முதலில் படிப்பாள். விற்கிறவருக்கு அந்த வீடு எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது, நடுவில் அடமானம் உண்டா, வழக்கு உண்டா, கையெழுத்துப் போடாத தங்கை யாராவது வெளியூரில் உண்டா என்று தோண்டுவாள். கிடைத்ததும் தலையை நிமிர்த்தாமலே, "வில்லங்கம் இருக்கு சார்" என்பாள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அதை அலுவலகத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. நான் தையல்காரன். ஏதாவது ஒரு வீட்டின் காகிதத்தில் என் பெயர் வந்துவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. நான் ஆசைப்பட்டுப் பார்த்து வந்த வீட்டையெல்லாம் இவள் ஊற்றி மூடினாள். ஒரு வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் இல்லை, அதாவது முந்தைய உரிமையைக் காட்டும் பழைய பத்திரம்.

"தாயில்லாத பிள்ளைய எடுத்து வளக்கிறதில்லையா? வீட்டை எடுத்தா என்ன?" என்று வாதாடினேன்.

"பிள்ளைய யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. வீட்டைக் கேப்பாங்க" என்றாள்.

இன்னொரு வீட்டின் சமையலறை பக்கத்து மனைக்குள் போயிருந்தது. "வீடு நம்மளுது, அடுப்பு அவங்களுது. பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆகவே வாடகை வீடு. தரைத்தளம். கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அதன் கீழே என் மெஷின். கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோக்கலாம், அப்படி ஒரு வெளிச்சம். குடி வந்தபோது வாடகை ஒப்பந்தத்தைச் சில வருடங்களுக்குச் சேர்த்து எழுதி, அதைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எங்கள் தெருவில் யாரும் அப்படிச் செய்ததில்லை. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து கைரேகை வைத்தார். "வாடகை வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு அலட்டல்?" என்று நானே கேட்டேன்.

சென்ற வருடம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள், தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"வீட்டுக்காரர் இந்த வீட்டை விக்கிறாருங்க. வாங்குறவங்க எங்க ஆபீசுக்கே வந்திருக்காங்க. ஃபைல் என்கிட்ட இருக்கு."

"நாம குடியிருக்கிற வீடுன்னு வக்கீல்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அப்ப உனக்குத்தான் நல்லாத் தெரியும், நீயே பாருன்னுட்டார்."

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன். மறு நிமிடமே ஒரு நப்பாசையும் வந்தது. எத்தனை வீடுகளை ஊற்றி மூடியவள்! "இதுலயும் ஏதாவது கண்டுபிடியேன்" என்றேன்.

"பாத்துட்டேன். தாய்ப்பத்திரம் இருக்கு. அடமானம் இல்ல. கூடப் பொறந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. வில்லங்கச் சான்றுல ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"என்ன வரி?"

"நாம."

எங்கள் வாடகை ஒப்பந்தம்தான் அது. யார் வாங்கினாலும் எங்களையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்வரை கிளம்பச் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் என்னவோ வீடு காலி என்று சொல்லித்தான் பேரம் முடித்திருந்தார். இவள் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் தொழில்மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. மெஷின் மிதிக்கும்போது கால்மேல் கால் போட முடியாது. முடிந்திருந்தால் போட்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வாங்குகிறவர் வந்தார். பஸ் டிரைவர். அவருடைய அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நாங்க இருக்கிறது மூணாவது மாடி சார். லிஃப்ட் கெடையாது. அப்பா தெருவைப் பாத்தே ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு ரெண்டு பேர் சேர்ந்து தூக்கி எறக்கினோம்."

பெரியவர் என் ஜன்னலோரம் நிறுத்திய இடத்திலேயே இருந்து தெருவைப் பார்த்தார். சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்காமல் அதைத் தைத்துக் கொடுத்தேன். "நல்ல வெளிச்சம் தம்பி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

அவர்கள் போனபிறகு மனைவி சொன்னாள். "சட்டப்படி நாம போக வேண்டியதில்ல. நீங்களே முடிவு பண்ணுங்க."

"நீ சொல்லேன்."

"எனக்கு வில்லங்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் தெரியும். தீக்கிறது உங்க கையில."

இரண்டு நாள் லிஃப்ட் வைக்காமல் மூன்று மாடி கட்டிய புண்ணியவானை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு, "போய்த் தொலைவோம்" என்றேன்.

பதிவு நாளன்று முதலில் எங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள், அடுத்து கிரயம். நாங்கள் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க, அவர் டிரைவரிடம் கொடுத்தார். "ஒருவழியா வில்லங்கம் தீந்தது" என்று வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள். "தீந்துதுன்னு யார் சொன்னா? நாம வந்தது ஒரு வரி, போனது ஒரு வரி. ரெண்டும் அழியாது. இனிமே அந்த வீட்டை யார் வாங்கினாலும் உங்க பேரைப் படிச்சிட்டுத்தான் வாங்கணும். வீட்டுக் காகிதத்துல பேர் வரணும்னு கேட்டீங்கல்ல?"

தெருவில் வைத்து அழக்கூடாது என்பதற்காக வெயிலைத் திட்டினேன்.

இப்போது இருக்கும் வீட்டின் ஜன்னல் மேற்கே பார்க்கிறது. நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. இதுவும் வாடகைதான். பதிவு செய்யப் போனபோது அவளுக்கு முன்னால் நான் நடந்தேன்.