முதல் பெஞ்சில் மூன்று மாதம்

எங்கள் வகுப்பில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை உயரமோ கண்பார்வையோ தீர்மானிக்கவில்லை. ராங்க்தான் தீர்மானித்தது. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் நாற்பது பெண்களும் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நிற்க வேண்டும். வகுப்பு டீச்சர் ராங்க் வாரியாகப் பெயரை வாசிக்க வாசிக்க, முதல் பெஞ்சிலிருந்து நாலு நாலு பேராக உட்கார்ந்துகொண்டே போக வேண்டும். கடைசியில் நாலு பேர் மிஞ்சுவார்கள். அவர்கள் பெயரை டீச்சர் வாசிக்கவே மாட்டார். "மிச்சம் இருக்கவளுக போய் ஒக்காருங்கடி" என்பார். அந்த மிச்சத்தில் சேர்ந்துவிடக் கூடாதே என்று பயந்தே எங்களில் பாதிப் பேர் படித்தோம்.

ஐம்பதுகளின் கடைசி அது. புதுக்கோட்டை டவுனில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பு, அதாவது எஸ்.எஸ்.எல்.சி. நான் வல்லத்திராக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்தேன். எட்டாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்தான் எப்போதும் ஃபர்ஸ்ட் ராங்க். வகுப்பில் மொத்தமே ஒன்பது பேர் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. டவுனுக்கு வந்து ஒன்பதாம் வகுப்பில் எழுதிய முதல் பரீட்சையில் பத்தொன்பதாவது ராங்க். மூக்கு உடைந்தது என்றால் சும்மா இல்லை, நன்றாகவே உடைந்தது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் "ஏன்?" என்று குடைந்து பார்க்காமல் விட மாட்டேன். நான் அதே ஆள்தானே? அதே மண்டை, அதே கை. ஃபர்ஸ்ட் ராங்க்காரி எங்கே போனாள்? அப்பாவிடம் கேட்டேன். "அங்கிட்டு ஒம்பது பேரு, இங்கிட்டு நாப்பது பேரு. இதுல கேக்குறதுக்கு என்னத்தா இருக்கு?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் என் சந்தேகம் வேறு. பத்தொன்பதாவது ஆன பிறகு நான் பத்தொன்பதாவதுக்காரி மாதிரியே நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஊரில் இருந்தபோது ஒரு கணக்கு வரவில்லை என்றால் சோறு இறங்காது, போட்டு முடிக்கும் வரை விட மாட்டேன். இங்கே ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கஷ்டமான கணக்கைப் பார்த்ததும், "இதெல்லாம் முன்னாடி பெஞ்சுக்காரிகளுக்கு" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதுதான் விசித்திரம்.

என் சிநேகிதி அப்படி இல்லை. அவள் இலுப்பூர்க்காரி. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அங்கே பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். டவுனில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். எப்போதும் மூன்றாவது ராங்க், தவறினால் நாலாவது. ரெஜிஸ்டரில் என் பெயருக்கு அடுத்த வரி அவளுடையது. ஒன்பதாம் வகுப்பில் ஊசி போட வரிசையில் நிற்க வைத்தபோது, எனக்குப் பின்னால் நின்று என் சடையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

அவள் குடும்பத்தில் எட்டாவதைத் தாண்டிய பெண் அவள் ஒருத்திதான். அவளுடைய அத்தா ஒரு கறாரான நிபந்தனை வைத்திருந்தார். மதியம் சாப்பிடும்போது அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்: "பெரிய பரீட்சையில கணக்குல எழுவது வாங்கு. திருச்சியில காலேஜ்ல சேத்து விடுறேன். ஒரு மார்க் கொறஞ்சாலும் அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கப்புடாது." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். "எழுவதுதானே புள்ள? தூங்கிக்கிட்டே வாங்குவேன்." வீம்புக்குச் சொன்னதில்லை. அவளால் முடியும்.

அரைப்பரீட்சை வந்தது. லீவு முடிந்து ஜனவரியில் பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்று, மார்க்கை ரெஜிஸ்டரில் ஏற்ற டீச்சர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் டீச்சரின் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதனால் பேப்பர் கட்டை வைத்துக்கொண்டு அவர் வரிசையாக மார்க்கை மட்டும் சொல்லச் சொல்ல, கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருத்தி எழுதுவது வழக்கம். அந்த ஒருத்தி நான். ராங்க்தான் பத்தொன்பதே தவிர, எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

கணக்குப் பேப்பர் பாதியில் பியூன் சர்க்குலர் கொண்டுவந்தார். டீச்சர் கையில் எடுத்த இரண்டு பேப்பரை மேஜையில் வைத்தார், கையெழுத்துப் போட்டார், திரும்ப எடுத்தார். "எம்பத்திநாலு" என்றார். என் வரி. எழுதினேன். "நாப்பத்தொண்ணு" என்றார். அவள் வரி. எழுதினேன். அவளுக்கா நாற்பத்தொன்று என்று ஒரு கணம் பேனா நின்றது. ஆனால் என் எண்பத்து நாலு கண்ணை மறைத்துவிட்டது. அடேயப்பா! டீச்சர் பார்க்காதபோது தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சுவரோரம் நின்றோம். மூன்றாவதாக என் பெயரை வாசித்தார். பதினெட்டாவதாக அவள் பெயர். அவள் முகம் சுண்டிப்போனது. நான் விட்டு வந்த ஐந்தாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பேப்பரைப் பார்த்துவிடலாம் என்றால், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று எல்லாக் கட்டுகளையும் தலைமையாசிரியையின் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

முதல் பெஞ்சு ஒரு தனி உலகம். அங்கே பாடம் நடத்தினால் நம்மைப் பார்த்துத்தான் நடத்துகிறார்கள். போர்டில் கணக்கைப் போட்டுவிட்டு டீச்சர் எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்ப்பார். நாங்கள் புரிந்துவிட்டதாகத் தலையை ஆட்டினால் போதும், டஸ்டரை எடுத்து அழித்துவிடுவார். பின்னால் எழுதிக்கொண்டிருப்பவர்கள் "டீச்சர், டீச்சர்" என்பார்கள். இரண்டரை வருஷம் நானும் அப்படிக் கத்தியவள்தான். போர்டை யாருக்காக அழிக்கிறார்கள் என்பது முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது.

இடைவேளையில் பக்கத்தில் இருந்தவள் கேட்பாள்: "அந்த மூணாவது ரைடர் எப்படி முடிச்சே?" ரைடர் என்றால் ஜியாமெட்ரியில் நாமே யோசித்து நிரூபிக்க வேண்டிய கணக்கு. நான் அதுவரை ரைடர் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எண்பத்து நாலு வாங்கியவளாயிற்றே! மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது மடியில் நோட்டை வைத்து முட்டி மோதிப் பார்த்தேன். பஸ் குலுக்கலில் வட்டம் எல்லாம் கத்தரிக்காய் மாதிரி வந்தது. ஆனால் ரைடர் வந்துவிட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் அது இல்லாமல் பொழுதே போகவில்லை.

பொங்கல் லீவு முடிந்து, இன்ஸ்பெக்டரும் வந்து போனார். பேப்பர்களைக் கொடுத்தார்கள். என் கணக்குப் பேப்பரின் மூலையில் சிவப்பு மையில் நாற்பத்தொன்று.

பேப்பரை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் சொருகினேன். மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் எழுந்துபோய் டீச்சரிடம் சொல்லுவாள் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன். நான்கு நாள் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை. சரி, நாமே சொல்லிவிடலாம் என்று காலையில் பஸ் ஏறும்போது முடிவு செய்வேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது என்னை நானே திட்டிக்கொண்டு திரும்புவேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பயம்தான். திரும்பவும் ஐந்தாவது பெஞ்சுக்குப் போக வேண்டுமே என்ற பயம்.

பயம் மட்டும்தான் என்றால் அது பொய். இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசை. நான் நாற்பத்தொன்று வாங்கியவள் என்பதற்குப் பேப்பர் சாட்சி. ஆனால் அதே நான் இந்த ஒரு மாதத்தில் புத்தகத்தில் பாதி ரைடரைப் போட்டுவிட்டேன். அப்படியென்றால் எது நான்? பெஞ்சு மாறினால் மண்டையும் மாறுமா? அந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டியது. அதே கேள்வியை ஐந்தாவது பெஞ்சைப் பார்த்தும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஐந்தாவது பெஞ்சின் பேச்சு எனக்கு அத்துப்படி. யாருக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்த ரிப்பன் எந்தத் தாவணிக்குப் பொருந்தும். பாவம், நல்ல பிள்ளைகள். நன்றாகச் சிரிக்க வைப்பார்கள். அவள் முதலில் சிரிக்கவில்லை, பிறகு சிரித்தாள். ஒருநாள் எழுந்து நின்று, "டீச்சர், அந்த ரெண்டாவது ஸ்டெப் புரியல" என்றாள். டீச்சர் எங்கள் பெஞ்சைப் பார்த்தார். "முன்னாடி இருக்கவளுகளுக்கெல்லாம் புரிஞ்சிருச்சு, ஒனக்கு மட்டும் என்னடி?" என்றார். அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் எழுந்து நின்று நான் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வேப்பமரத்தடியில் என்னோடு உட்காருவதும் குறைந்துபோனது.

அரைப்பரீட்சைக்குப் பிறகு ராங்க் கிடையாது, இட மாற்றமும் கிடையாது. மார்ச் கடைசியில் பெரிய பரீட்சை எழுதினோம். நியூஸ்பேப்பர் ரிசல்ட்டில் எங்கள் இரண்டு பேர் நம்பரும் வந்திருந்தது. அதில் பாஸ் என்றுதான் தெரியும், மார்க் தெரியாது. மார்க் பார்க்க ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போய் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

ஆபீஸ் ரூம் வாசலில் அவளைப் பார்த்தேன். அவளுடைய அத்தா கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றிருந்தார். எனக்குக் கணக்கில் எழுபத்தாறு. அவள் புத்தகத்தைக் கேட்காமலே பிடுங்கிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

"எழுவதுன்னு சொன்னாரேடி ஒங்க அத்தா" என்றேன்.

"ஆமா. அதான் பேசாம நிக்கிறாக. திட்டக்கூட இல்ல."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. வராந்தாத் தூணோரம் இழுத்துக்கொண்டு போனேன். "அந்த அரைப்பரீட்சை எம்பத்திநாலு ஒன்னோடதுடி. மாத்தி எழுதிப்புட்டோம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். சொல்லி முடித்ததும் அழுதேன். அவள் திட்டுவாள், அடிப்பாள், அடித்தாலாவது பாரம் இறங்கும் என்று இருந்தது.

அவள் அழவில்லை. "எனக்குந்தான் தெரியும். பேப்பர் குடுத்த அன்னைக்குச் சாயங்காலமே டீச்சர்ட்ட போய்க் காட்டுனேன்" என்றாள்.

"காட்டுனியா? டீச்சர் என்ன சொன்னாங்க?"

"பேப்பரைப் பாத்துட்டு ரெஜிஸ்டரையும் எடுத்துப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, 'அவ முன்னாடி வந்த பொறகுதான்டி படிக்கிறா, இப்பத் தூக்கிப் பின்னாடி போட்டா ஒடஞ்சு போயிருவா. நீ கெட்டிக்காரி, எங்கிட்டு ஒக்காந்தாலும் படிப்பே'ன்னு. சரிங்க டீச்சர்னு வந்துட்டேன். எனக்கு அப்பப் பெருமையாக்கூட இருந்துச்சு புள்ள."

டீச்சர் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை. என்னைப் பற்றி அவர் கணித்தது அத்தனையும் சரி. அவளைப் பற்றிக் கணித்ததுதான் தப்பு. அந்தத் தப்பை உள்ளங்கை ரேகை மாதிரி அறிந்த ஆள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒருத்திதான் இருந்தாள். பின்னாலிருந்து முன்னால் வந்து, பெஞ்சு என்ன செய்யும் என்று பார்த்த நான்.

வெளியே அவளுடைய அத்தா குடையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த ஐம்பத்தெட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "டீச்சர் சொன்னது நெசந்தானே? எங்கிட்டு ஒக்காந்திருந்தாலும் நான் படிச்சிருக்கணும்ல? என் மேலதானே தப்பு?"

இல்லடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போர்டை அழித்ததைச் சொல்லியிருக்கலாம், பஸ்ஸில் போட்ட ரைடரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த எழுபத்தாறில் எனக்கென்று எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை. அப்பாவிடம் காட்டப் போகிற எழுபத்தாறு அது.

"ஆமா" என்றேன். அவள் அதை நம்பிவிட்டாள்.